குறுக்கீடு

மூன்று தேர்தல், பதின்மூன்றரை ஆண்டு.
ஒரு பேரவை பாதியில் கலைந்தது.
கரடியூர் கா. சடையன் அங்கே பேசியதை
எழுதியவர்களில் நானும் ஒருத்தி.
ஐந்து நிமிடத்துக்கு ஒருவராய்
பென்சிலோடு உள்ளே போவோம்.
அடுத்தவர் தோளருகே வந்து நின்றால்
எழுந்துவிட வேண்டும்.
பாதி வாக்கியத்தில் நான் விட்டுவந்த அமைச்சர்கள்
எத்தனையோ பேர்.

சடையன் சுலபம்.
ஏற்காட்டு மலைப்பாதையில் பஸ் இறங்குவதுபோலப் பேசுவார்,
வளைவுக்கு வளைவு ஒரு ஹாரன்:
“அதாவதுங்க, தலைவர் அவர்களே.”

கேட்ட கேள்விகள் அறுபத்தொன்று.
பதினான்கு முறை ஒரே கேள்வி:
ஆறரை மணிக்குமேல் கரடியூருக்கு ஏன் வண்டி இல்லை?
பதினான்கு முறையும் பரிசீலனையில் இருந்தது.
அப்புறம் கேட்கவில்லை.
வண்டி விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.
ஜீப் வாங்கியிருந்தார்.

போன மாதம் அம்மாபேட்டை வீட்டுக்கு
ஆராய்ச்சி மாணவன் ஒருவன் வந்தான்.
பக்கத்து வீட்டுத் தறிக்கு மேலாகக் கத்திக் கேட்டான்:
“எதுக்கெல்லாம் ஆம் சொன்னார், எதுக்கு இல்லை?
பட்டியல் இருக்கும்ல, மேடம்?”

தம்பி, அங்கே தொண்டைதான் வாக்கு.
ஏற்போர் ஆம் என்க என்பார் தலைவர்,
மொத்தமாய் ஒரு இடி விழும்.
மறுப்போர் இல்லை என்க என்பார்,
இன்னொன்று, கொஞ்சம் மெலிந்து.
ஆம் என்போரே அதிகம். நிறைவேறியது.
அந்த இடியில் சடையன் எத்தனை பலம் என்று
எந்தத் தராசில் போட்டுப் பார்ப்பாய்?

ஆளை எண்ணிய நாள் மூன்றே மூன்று.
கொறடா எழுந்தபோது எழுந்தார்,
உட்கார்ந்தபோது உட்கார்ந்தார்.
மூன்றாம் பேரவையில் நாற்காலி எதிர்ப்பக்கம் போனது.
முன்பு ஆம் என்ற அதே வரிக்கு இல்லை என்றார்,
அதே தொண்டை, கூச்சம் கிடையாது.
உறுப்பினர் சம்பள உயர்வன்று மட்டும்
இரண்டு பக்கமும் ஒரே ஆம்.
அன்று அவர் குரல் எனக்குத் தனியாகவே கேட்டது.

எல்லாம் எழுதிக்கொண்டு போனான்.

அவனிடம் சொல்லாதது:
இரண்டாம் பேரவையின் கடைசிநாள் மாலை,
நாற்பது நிமிடத்தில் பதினொரு மசோதா.
ஒன்பதாவது, மலைநிலக் குத்தகைத் திருத்தம்.
எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்திருந்தது.
மறுப்போர் இல்லை என்க என்றபோது
மின்விசிறி மட்டும் சுற்றியது.
ஆளுங்கட்சி நான்காம் வரிசையிலிருந்து
“இல்லைங்க.”

அந்த “ங்க”வை வேறு யாரும் வைத்திருக்கவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஆம் என்போரே அதிகம்.

என் பென்சில் அதற்குள் வளைத்திருந்தது.
தட்டச்சு செய்யும்போதுதான் கை நின்றது.
பெயர் போட்டால் அவர் பதவி போகும்,
போடாவிட்டால் நான் எதற்கு அங்கே?
அடைப்புக்குறிக்குள் (குறுக்கீடு) என்று வைத்தேன்.
மேலதிகாரி அதையும் சிவப்பில் அடித்தார்.
அச்சான தொகுதியில் ஒரு காற்புள்ளி அகலத்துக்குக்கூட
அங்கே இடைவெளி இல்லை.

நேற்று புதிய பேருந்து நிலையத்தில்
பையில் மிளகுக் கன்றுகளோடு நின்றார்.
ஜீப்பை விற்று வருஷமாகிறதாம்.
“சுருக்கெழுத்தம்மாதானே?” என்றார்.
கேட்டேவிட்டேன்.

எதிரே இருந்த பலகையையே
கொஞ்ச நேரம் படித்தார்.
“நானா? இருமியிருப்பேன்மா.
அந்த ஊர் ஏசி எனக்கு ஒத்துக்காது.”

இருமலுக்கு எங்களிடம் குறி கிடையாது, ஐயா.
இதைச் சொல்லவில்லை.
கன்று ஒன்று சாய்ந்திருந்தது, நிமிர்த்தி வைத்தேன்.
மணி ஆறேமுக்கால்.

கண்டக்டரைக் கைதட்டிக் கூப்பிட்டார்:
“தம்பி, கரடியூருக்கு இனி வண்டி இருக்குங்களா?”

டிக்கெட் மெஷினிலிருந்து தலை நிமிராமல்
அவன் சொன்னான், நிலையம் முழுக்கக் கேட்கும்படி,
“இல்லை.”